குச்சியா, விரலா, ட்ராக்கா: கச்சேரி மேடைக்குக் கட்டுப்படியாகும் சாம்பிளர் எது?

"மேடையில் வாசிக்க ஒரு சாம்பிளர் வாங்கணும், எது நல்லது?" சாம்பிளர் என்றால் நாம் பதிவு செய்த ஒலியைத் தட்டும்போது ஒலிக்கவிடும் பெட்டி. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இந்தக் கேள்வியை மூன்று விதமானவர்கள் கேட்கிறார்கள். மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசிப்பவர் ஒருவர். ஜூன் 21-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் நடக்கும் ஃபெத் த லா ம்யூசிக் போன்ற திறந்த மேடைகளில் கொஞ்ச நேரம் வாசிக்கத் தயாராகும் கல்லூரிக் குழு இன்னொன்று. கானாவோ நாட்டுப்புறப் பாட்டோ தனியாக நின்று பாடி, பின்னணியையும் தானே ஓட்ட நினைப்பவர் மூன்றாமவர். மூவரின் பட்ஜெட்டும் அநேகமாக ஐம்பதாயிரத்துக்குள்தான். ஆனால் ஒருவருக்குப் பொருந்தும் பெட்டி மற்றவருக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

அதனால் கம்பெனிப் பெயரில் தொடங்க வேண்டாம். மேடையில் நீங்கள் குச்சியால் அடிக்கப் போகிறீர்களா, விரலால் தட்டப் போகிறீர்களா, முழு ட்ராக்கை, அதாவது பதிவான பின்னணி இசையை, ஓடவிட்டுப் பாடப் போகிறீர்களா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதி பெட்டிகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மீதியை எப்படிப் பிரிப்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

## ஆக்டோபேடும் சாம்பிளரும்

நம் மேடைகளில் வெகுகாலமாகப் புழங்கும் ரோலண்ட் எஸ்பிடி-20, எஸ்பிடி-30 ஆக்டோபேடுகள் இரண்டும் சாம்பிளர் அல்ல. உள்ளே இருக்கும் தபலா, டோலக், டிரம்ஸ் எல்லாம் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டவை. 'பேட்ச்' என்று காசு கொடுத்து ஏற்றிக்கொள்வது அந்த ஒலிகளின் சுருதி, நீளம், எஃபெக்ட் ஆகியவற்றைத் திருத்தி அடுக்கிய தொகுப்பு. வில்லியனூரில் ஒரு பம்பைக்காரர் அடித்த அடியை நீங்கள் பதிவு செய்து வந்து அதற்குள் வைக்க முடியாது.

சாம்பிளரில் முடியும். எந்த ஒலியையும் பதிவு செய்து, வெட்டி, ஒரு பேடில் உட்காரவைத்து, தட்டும்போது ஒலிக்கவிடுவதுதான் அதன் வேலை. வடதமிழகத்துப் பம்பை, உடுக்கை, சிலம்பு, தெருக்கூத்து முகவீணை என்று நம் பக்கத்து ஒலிகள் எந்த ஜப்பான் பெட்டிக்குள்ளும் சரியாக இருப்பதில்லை. சாம்பிளர் வாங்க எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணம் இதுதான். உங்களுக்கு உள்ளே இருக்கும் தபலாவும் டோலக்குமே போதும் என்றால் ஆக்டோபேடே போதும். பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

மின்சாரம். ஆடி மாதக் கோயில் மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும்போது அரை விநாடி கரண்ட் போய் வரும். மைக் செட் உடனே எழுந்துவிடும். அடாப்டரில் மட்டும் ஓடும் சாம்பிளர் முதலிலிருந்து கிளம்பும். அது கிளம்ப எவ்வளவு நேரம், கிளம்பியபின் நீங்கள் இருந்த பாட்டிலேயே நிற்குமா, முதல் பாட்டுக்குப் போய்விடுமா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு இந்தக் கவலையே இல்லை. விவரக் குறிப்பில் கடைசி வரியாக அச்சிடப்படும் இந்த விஷயத்தை நான் முதலில் பார்ப்பேன்.

வெளியே போகும் ஜாக். இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. 6.3 மி.மீ. ஜாக் இரண்டு, இடது வலது என்று தனித்தனியாக இருந்தால் எந்த மைக் செட்காரரும் பத்து விநாடியில் இணைத்துவிடுவார். 3.5 மி.மீ. இயர்போன் துளை ஒன்றுதான் என்றால் சிக்கல் தொடங்கும். சின்னத் துளை, ஆட்டினால் கரகரக்கும், யாராவது ஒயரில் கால் வைத்தால் கழன்றுவிடும். இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு. ஸ்டீரியோ 3.5 மி.மீ. பின்னை ஒரு முனையிலும், எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை மைக் பின்னை மறுமுனையிலும் வைத்துச் செய்த கேபிளை நேராக மிக்ஸரின் மைக் துளையில் செருகினால், மிக்ஸர் இடதையும் வலதையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடும். இரண்டிலும் சமமாக இருக்கும் கிக், பேஸ், குரல் எல்லாம் காணாமல் போய், ஓரத்து எதிரொலி மட்டும் கேட்கும். பெட்டி பழுதாகிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். குற்றம் கேபிளுடையது.

கை. விரலுக்கான பேடைக் குச்சியால் அடிக்கக் கூடாது. குச்சிக்கான பேடில் விரலால் நுணுக்கமாக வாசிக்கவும் வராது.

நினைவகம். சிடி தரத்தில், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில், ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி ஆகும். நான்கு நிமிடப் பாட்டின் பின்னணி ட்ராக் சுமார் 42 எம்பி. ஒரு பம்பை அடி அரை விநாடிதான். மோனோவில், அதாவது இடது வலது பிரிக்காமல், அதற்கு 50 கிலோபைட் கூட ஆகாது. 1987-ல் வந்த ஈமு எஸ்பி-1200 என்ற புகழ்பெற்ற பெட்டியின் மொத்தச் சாம்பிள் நேரமே சுமார் 10 விநாடிதான், அதை வைத்தே ஹிப்ஹாப் ஆல்பங்கள் செய்தார்கள். ஆக, தனி அடிகளும் திரும்பத் திரும்ப ஓடும் சின்ன லூப்புகளும் மட்டும் என்றால் நினைவகத்துக்குப் பயப்படவே வேண்டாம். முழு ட்ராக் ஓட்டுவதானால் இதுதான் முதல் கேள்வி.

பாட்டு மாறும் வேகம். நம் கச்சேரிகளில் பட்டியல்படி பாட்டு போவது அபூர்வம். விழாக் கமிட்டி சீட்டு அனுப்பும், பாடகர் திடீரென்று அம்மன் பாட்டுக்குத் தாவுவார். அந்த நேரத்தில் ஒரு பொத்தானில் மாற வேண்டும். 'ஏற்றுகிறது, காத்திருக்கவும்' என்று திரையில் கோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

இத்துடன் கடற்காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம், வைத்திக்குப்பம் என்று கடலோர மேடைகளில் வாசிப்பவருக்கு, திறந்த ஜாக்குகளும் சறுக்கும் ஃபேடர்களும் குறைவாக உள்ள பெட்டி கூடுதல் காலம் உழைக்கும்.

## ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2

2021-ல் வந்தது. அறிமுக விலை 499 டாலர். நம் கைக்கு வரும்போது வரியும் கூரியரும் சேர்ந்து, பட்ஜெட்டின் மேல் விளிம்பைத் தொடும்.

விரலால் தட்டும் 16 பேடு, அதோடு ஒரு துணைப் பேடு. பேங்க் என்பது பேடுகளின் ஒரு தொகுப்பு. பத்து பேங்க், பேங்குக்கு 16 என்று ஒரு பிராஜெக்டில் 160 சாம்பிள். இப்படி 16 பிராஜெக்ட் வைக்கலாம். உள்ளே 16 ஜிபி இடம். முழு நீள ட்ராக்குகளையே வைத்துவிடலாம். ஒரே நேரத்தில் 32 ஒலிகள் ஒலிக்கும்.

மேடைக்கு இது ஏன் நல்லது என்றால், ஒரு பேங்குக்கு ஒரு பாட்டு என்று அடுக்கிவிட்டால் பத்துப் பாட்டு ஒரே பிராஜெக்டுக்குள் வந்துவிடுகிறது. பேங்க் மாறுவது உடனடி வேலை. பிராஜெக்ட் மாற்றினால் ஒலி நின்று, ஏற்றி முடிக்கச் சிறிது நேரம் ஆகும். அதனால் இடைவேளைக்கு முன் ஒரு பிராஜெக்ட், பின் ஒரு பிராஜெக்ட் என்று பிரித்துக்கொள்வது நல்லது. பேங்க் பொத்தான்கள் ஐந்துதான். ஆறாவதிலிருந்து பத்தாவது வரையிலான பேங்குக்கு அதே பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். இருட்டு மேடையில் இது குழப்பும். அவசரமாகத் தேவைப்படும் பாட்டுகளை முதல் ஐந்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

6.3 மி.மீ. ஜாக்குகள் உண்டு. மைக்கையோ கிட்டாரையோ நேராகச் செருகி, குரலுக்கு எஃபெக்ட் போடலாம். தனியாகப் பாடுபவருக்கு இது இரண்டு பெட்டிகளின் வேலை. ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும், யூஎஸ்பி-சி வழியாகவும் ஓடும். பேட்டரியை நம்பி முழு இரவுக் கச்சேரிக்குப் போக முடியாது, ஆனால் நல்ல பவர் பேங்க் தாங்கும்.

ஸ்கிப்-பேக் என்ற ஒரு வசதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் பதிவுப் பொத்தானை அழுத்தாவிட்டாலும், கடைசி 25 விநாடி ஒலியைப் பெட்டி தானாகவே பிடித்து வைத்திருக்கும். ஒத்திகையில் தவில்காரர் ஒரு அருமையான தீர்மானம் வாசித்துவிட்டால், வாசித்து முடித்தபிறகு அதை எடுத்துப் பேடில் வைக்கலாம்.

குறை என்றால், கற்க நாளாகும். பல வேலைகள் 'ஷிஃப்ட்' அழுத்தி இன்னொன்றை அழுத்தும் கூட்டுப் பொத்தான்களில் ஒளிந்திருக்கின்றன. குச்சிக்கு ஆகாது.

## டீனேஜ் இன்ஜினியரிங் இபி-133

ஸ்வீடன் கம்பெனி. 2023 இறுதியில் 299 டாலருக்கு வந்தது. பார்க்கப் பழைய கால்குலேட்டர் மாதிரி இருக்கும், ஆனால் வாசிக்க மிகவும் சுகமான பெட்டி. 12 பேடும் அழுத்தத்தை உணரும். உள்ளேயே மைக்கும் சின்ன ஸ்பீக்கரும் உண்டு. பீச் ரோட்டில் உட்கார்ந்து அலையோசையையும் சோன்பப்டிக்காரர் மணியையும் பிடித்து, வீடு திரும்புவதற்குள் ஒரு தாளமாக்கிவிடலாம். நான்கு சின்னப் பென்சில் பேட்டரி போதும், யூஎஸ்பி-சியிலும் ஓடும்.

மேடையில் உடனுக்குடன் தாளம் கட்டி, அதை வெட்டி, மாற்றி, அடுக்கி வாசிப்பவர்களுக்கு இந்த விலையில் இதைவிட வேகமான பெட்டியை நான் சொல்ல மாட்டேன்.

முழு ட்ராக் ஓட்ட இது கூடாது. வெளிவந்தபோது நினைவகம் 64 எம்பி. மேலே போட்ட கணக்கின்படி ஒன்றரைப் பாட்டிலேயே நிரம்பிவிடும். இந்தப் பெட்டியைச் சின்ன ஒலிகளுக்காகவே செய்திருக்கிறார்கள். ஜாக்குகள் எல்லாம் 3.5 மி.மீ. எனவே இடது வலதைப் பிரிக்கும் நல்ல கேபிளும், ஒலியை மிக்ஸரின் மைக் துளைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிஐ பாக்ஸும் கட்டாயம். உடல் எடை குறைவு. மேசையில் பிடிமானம் இல்லாமல் வைத்தால் தட்டும் வேகத்தில் நகரும்.

## குச்சிக்காரர்களுக்கு: எஸ்பிடி-எஸ்எக்ஸ், சாம்பிள்பேட் ப்ரோ

மெல்லிசைக் குழுவில் பேட் வாசிப்பவர் இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸில் ஒன்பது பேடு. 100 கிட் (பேடுகளுக்கான ஒலித் தொகுப்பு) வரை அமைக்கலாம், கிட்டுக்குக் கிட் தாவுவது உடனடி. கணினியிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ ஒலியை ஏற்றலாம். இதன் பெரிய பலம் வெளியீடுகள். மெயின் இரண்டு, சப் இரண்டு என்று 6.3 மி.மீ. ஜாக் நான்கு. மெயினில் ட்ராக்கை மிக்ஸருக்கு அனுப்பி, சப் வழியாகத் தாளத்தை எண்ணும் 'டிக் டிக்' ஒலியான கிளிக்கை மட்டும் டிரம்மர் காதுக்கு அனுப்பலாம். ட்ராக்கோடு வாசிக்கும் குழுவுக்கு இந்த ஒரு வசதிக்காகவே காசு கொடுக்கலாம். 2022-ல் எஸ்பிடி-எஸ்எக்ஸ் ப்ரோ வந்தபிறகு பலர் பழையதை விற்று மாறியதால், நல்ல நிலையில் உள்ள பழைய பெட்டிகள் கிடைக்கின்றன. புதுசாக வாங்கினால் நம் பட்ஜெட்டைத் தாண்டும். அடாப்டரில் மட்டும்தான் ஓடும், அதனால் ஒரு சின்ன யூபிஎஸ் செலவையும் இதன் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

அலெசிஸ் சாம்பிள்பேட் ப்ரோ விலை குறைந்த வழி. எட்டு பேடு, எஸ்டி கார்டில் உங்கள் வேவ் கோப்புகளைப் போட்டு வாசிக்கலாம். பேஸ் டிரம் பெடலையும் இணைக்கலாம். ஆனால் பெரிய கோப்புகள் உள்ள கிட்டுக்கு மாறும்போது காத்திருக்க நேரும். ஒரு பேடைப் பலமாக அடித்தால் பக்கத்துப் பேடும் சேர்ந்து ஒலிக்கும் சிக்கலும் உண்டு. செட்டிங்கில் உணர்திறனைக் குறைத்து ஓரளவு சரி செய்யலாம். தனி அடிகளுக்கு, அதாவது உறுமி, கைத்தட்டல், சங்கு, வெடிச்சத்தம் போன்றவற்றுக்கு, இது தாராளமாகப் போதும்.

யமஹா டிடிஎக்ஸ்-மல்டி 12 என்ற பழைய பெட்டியும் அவ்வப்போது விலைக்கு வரும். பன்னிரண்டு பேடு, உள்ளேயே ஏராளமான ஒலிகள். சொந்த ஒலிக்கு 64 எம்பி இடம். ஆக்டோபேட் வாசித்துப் பழகியவருக்குக் கை உடனே படியும்.

இரண்டில் எது என்று கேட்டால், நன்றாகச் சோதித்த பழைய எஸ்பிடி-எஸ்எக்ஸையே புதிய சாம்பிள்பேட் ப்ரோவுக்கு மேலாக வைப்பேன். கிட் மாறும் வேகமும் தனி வெளியீடும் அவ்வளவு முக்கியம்.

## அகாய் எம்பிசி ஒன்

2020-ல் 699 டாலருக்கு வந்த பெட்டி. 'கட்டுப்படியாகும்' என்ற சொல்லுக்கு வெளியே நிற்கிறது. ஆனாலும் கேட்பவர்கள் நிறைய என்பதால் சேர்த்தேன். ஏழு அங்குலத் தொடுதிரை, 2 ஜிபி ராம், விரலுக்கு 16 பேடு. லேப்டாப்பில் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இதிலேயே செய்யலாம். பாட்டு உருவாக்குவதும் மேடையேறுவதும் ஒரே பெட்டியில் வேண்டும் என்பவருக்கு இது சரி.

மேடைக்கு மட்டும் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பேட்டரி இல்லை. கரண்ட் ஒருமுறை போய் வந்தால் கணினி மாதிரி நிதானமாகக் கிளம்பி, அப்புறம் பிராஜெக்டை ஏற்றும். மே மாத வெயிலில் மாலை நான்கு மணி நிகழ்ச்சி என்றால் திரையில் என்ன இருக்கிறது என்று குனிந்து நிழல் கட்டித்தான் பார்க்க வேண்டும்.

## கையில் இருக்கும் போன் அல்லது டேப்

கோலா சாம்பிளர் என்ற செயலி ஆப்பிளிலும் ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. 16 பேடு கொண்ட நான்கு பேங்க், ஆக 64 பேடு. விலை ஒரு கச்சேரிக்குப் போய்வரும் பெட்ரோல் காசைவிடக் குறைவு. சாம்பிளிங் உங்களுக்குப் பிடிக்குமா, தேவைப்படுமா என்று தெரியாத நிலையில் ஐம்பதாயிரம் போடாதீர்கள். ஒரு விழாக் காலம் முழுக்க இதில் ஒத்திகை பாருங்கள். எத்தனை பேடு உண்மையில் பயன்படுகிறது என்பது தெளிவாகிவிடும்.

மேடைக்கு வரும்போது இரண்டு சிக்கல். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் தட்டுவதற்கும் ஒலிப்பதற்கும் இடையே ஒரு தாமதம் உண்டு. மாடலுக்கு மாடல் அது மாறும். லூப் ஓடவிட இது தடை இல்லை, ஆனால் கையால் தாளம் வாசிக்க முடியாது. இரண்டாவது, கண்ணாடித் திரையில் எந்தப் பேடு எங்கே என்று விரலுக்குத் தெரியாது, பார்த்துக்கொண்டேதான் வாசிக்க வேண்டும். ஐபேடும், அதோடு இணையும் அகாய் எம்பிடி218 போன்ற 16 பேடு கன்ட்ரோலரும் இருந்தால் இரண்டு குறையும் பெருமளவு தீரும். ஐபேட் ஏற்கனவே வீட்டில் இருந்தால்தான் இது மலிவு.

## இரண்டு சின்னப் பெட்டிகள்

கோர்க் வோல்கா சாம்பிள் 2: மொத்தம் 130 விநாடி ஒலி, வெளியே ஒரே ஒரு 3.5 மி.மீ. துளை. பெட்டியிலேயே பதிவு செய்ய முடியாது, கணினியிலிருந்து ஏற்ற வேண்டும். வேறு கருவிகளோடு சேர்த்துத் தாளத்துக்கு வைத்துக்கொள்ள அழகான பெட்டி. தனியாக மேடையைத் தாங்காது.

எலெக்ட்ரான் மாடல்:சாம்பிள்ஸ்: ஆறு ட்ராக், 6.3 மி.மீ. ஜாக்குகள், திடமான தாளக் கட்டமைப்பு. இதிலும் நேரடிப் பதிவு இல்லை. டெக்னோ வாசிக்கும் ஆரோவில் பக்கத்து நண்பர்களுக்குப் பிடிக்கும். மெல்லிசைக் குழுவுக்குப் பொருந்தாது.

## ஒரே பார்வையில்

| பெட்டி | வாசிக்கும் விதம் | முழு ட்ராக் | பேட்டரி | வெளியீடு | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| எஸ்பி-404 எம்கே2 | விரல், 16+1 பேடு | தாராளமாக | உண்டு, யூஎஸ்பி-சியும் | 6.3 மி.மீ. | தனிப் பாடகர், சிறு குழு |
| இபி-133 | விரல், 12 பேடு | கூடாது | உண்டு, யூஎஸ்பி-சியும் | 3.5 மி.மீ. | மேடையிலேயே தாளம் கட்டுபவர் |
| எஸ்பிடி-எஸ்எக்ஸ் (பழையது) | குச்சி, 9 பேடு | முடியும் | இல்லை | 6.3 மி.மீ., மெயின் + சப் | மெல்லிசைக் குழு |
| சாம்பிள்பேட் ப்ரோ | குச்சி, 8 பேடு | நல்லதல்ல | இல்லை | 6.3 மி.மீ. | குறைந்த பட்ஜெட் பேட் கலைஞர் |
| எம்பிசி ஒன் | விரல், 16 பேடு | தாராளமாக | இல்லை | 6.3 மி.மீ. | பாட்டு உருவாக்குபவர் |
| போன் + கோலா | தொடுதிரை | முடியும் | உண்டு | போனைப் பொறுத்தது | தொடங்குபவர் |

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

டிஐ பாக்ஸ் முதலில். மேடையிலிருந்து மிக்ஸர் இருக்கும் இடம் இருபது முப்பது மீட்டர் தள்ளி இருக்கும். அவ்வளவு தூரத்துக்குச் சாதாரணக் கிட்டார் கேபிள் இழுத்தால் இரைச்சல் சேரும். ஸ்டீரியோ டிஐ ஒன்று, கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானுடன், சொந்தமாக வைத்திருங்கள். ஜெனரேட்டர் ஓடும் மேடைகளில் வரும் 'ம்ம்ம்' என்ற உறுமல் பல சமயம் அந்தப் பொத்தானைத் தள்ளியதும் போய்விடும். மைக் செட்காரரிடம் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

கேபிள்கள் எல்லாமே இரண்டு இரண்டு. எஸ்டி கார்டும் இரண்டு. இன்னொரு பிரதியைக் கணினியில் வையுங்கள். வெளிநாட்டுப் பின்னோடு வரும் அடாப்டரை நம் சாக்கெட்டில் செருக ஒரு மாற்றுப் பின் போடுகிறோமே, அது மேடை அதிர்வில் நழுவும். நம் ஊர்ப் பின் உள்ள, வோல்டேஜும் துருவமும் ஒத்துப்போகும் அடாப்டர் வாங்கிவிடுவது நல்லது. பவர் பேங்க் வாங்கும்போது, மின்சாரம் குறைவாக இழுக்கும் கருவி என்றால் தானே அணைந்துவிடும் ரகமா என்று பாருங்கள். சார்ஜரில் செருகியபடியே அதைப் பயன்படுத்தினால் இரைச்சல் வரலாம், எனவே முழுதாக ஏற்றி, சார்ஜரைக் கழற்றிவிட்டு மேடைக்குக் கொண்டுபோங்கள்.

கடலோரம் வாசிப்பவர் காற்றுப் புகாத கேஸ், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஜாக் துடைக்கக் கான்டாக்ட் கிளீனர் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள், உப்பு ஒட்டியபடி மூடினால் கேஸுக்குள்ளேயே துரு பிடிக்கும்.

நேரத்தையும் செலவாகத்தான் எண்ண வேண்டும். ஒரு பாட்டுக்கான ஒலிகளை வெட்டி, அளவு சமன் செய்து, பேடில் அடுக்க ஒரு மாலைப்பொழுதே போய்விடும். ஒலியின் தொடக்கத்தில் இருக்கும் நூலிழை அளவு மௌனத்தைக்கூட வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் எவ்வளவு சரியாகத் தட்டினாலும் தாளம் பிந்தியதாகவே கேட்கும். பம்பை, உடுக்கை போன்றவற்றில் ஒரே அடியை மறுபடி மறுபடி ஒலித்தால் இயந்திரம் வாசிப்பது தெரிந்துவிடும். அதே அடியை மூன்று நான்கு முறை பதிவு செய்து, இரண்டு பேடில் வேறு வேறாக வைத்து மாற்றி மாற்றித் தட்டுங்கள். பதிவுக்கு வந்த கலைஞருக்குச் சம்பளம் கொடுங்கள், மேடையில் அவர் பெயரையும் சொல்லுங்கள். அவர் கையின் அடியை வைத்துத்தான் ஒவ்வொரு கச்சேரியிலும் நீங்கள் சம்பாதிக்கிறீர்கள். சினிமாப் பாட்டிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த ஒலி, நிகழ்ச்சியின் வீடியோவை யூடியூபில் ஏற்றும்போது உரிமைச் சிக்கலாகத் திரும்பி வரும். சொந்தப் பதிவில் அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, மோனோவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். திருவிழா மேடைகளில் இடது வலது இரண்டையும் ஒன்றாக்கித்தான் ஒலிக்கவிடுவார்கள். ஹெட்போனில் அகலமாகக் கேட்ட சில ஒலிகள் அங்கே மெலிந்துவிடும். குழாய் ஸ்பீக்கர்களில் ஆழமான பேஸ் கேட்கவே கேட்காது. கிக் ஒலியில் கொஞ்சம் 'டக்' என்ற நடு அலைவரிசை இருந்தால்தான் தெருக்கோடிவரை தாளம் போகும்.

## அப்போது எதை வாங்குவது

மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறீர்களா? பழைய எஸ்பிடி-எஸ்எக்ஸ், ஒரு சின்ன யூபிஎஸ். அது கிடைக்கும்வரை காத்திருக்க முடியாது, காசும் குறைவு என்றால் சாம்பிள்பேட் ப்ரோ.

தனியாகப் பாடுகிறீர்கள், அல்லது இரண்டு மூன்று பேர் குழு என்றால் எஸ்பி-404 எம்கே2. இந்தப் பட்டியலில் யாருக்கு வாங்குகிறோம் என்றே தெரியாமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் இதையே சொல்வேன். ட்ராக் ஓடும், விரலால் வாசிக்கலாம், குரலுக்கும் எஃபெக்ட் போடலாம், கரண்ட் போனாலும் நிற்காது.

ட்ராக்கே வேண்டாம், மேடையிலேயே தாளத்தைக் கட்டி எழுப்ப வேண்டும், சுமையும் குறைய வேண்டும் என்றால் இபி-133. மிச்சமாகும் பணத்தில் டிஐ பாக்ஸும் நல்ல கேபிளும் வந்துவிடும்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் கோலாவில் தொடங்குங்கள். அதற்காக வெட்டிச் சேர்க்கும் வேவ் கோப்புகள் நாளை எந்தப் பெட்டி வாங்கினாலும் பயன்படும்.

## பழைய பெட்டி வாங்கும்போது

கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ சென்னை வரை போய்வரும் செலவைப் பார்த்து, பார்க்காமலே கூரியரில் வரவழைக்காதீர்கள். நேரில் போங்கள், சொந்த ஹெட்போனும் ஒரு பென் டிரைவும் எஸ்டி கார்டும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு பேடையும் மெதுவாகவும் பலமாகவும் அடித்து, ஒலி அளவு அதற்கேற்ப மாறுகிறதா என்று கேளுங்கள். ஒன்றை அடிக்கும்போது மற்றது ஒலிக்கிறதா என்று கவனியுங்கள். எல்லா ஜாக்கிலும் கேபிளைச் செருகி, லேசாக ஆட்டிப் பாருங்கள். குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வருகிறதா, பொத்தான்களில் எதையாவது இரண்டு முறை அழுத்தினால்தான் வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். உங்கள் கோப்பு ஒன்றை ஏற்றி வாசித்துப் பாருங்கள். கடைசியில் மின்சாரத்தைப் பிடுங்கி மறுபடி கொடுத்து, ஒலி திரும்ப வர எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். பெட்டியோடு வரும் அடாப்டர் கம்பெனியுடையதுதானா என்று கேட்டுவிட்டு, அதற்கப்புறம் விலை பேசுங்கள்.